கிளினிக் பயிற்சிக்கு முன் ரேபிஸ் ஊசி, ரத்த மாதிரி: சந்தேகங்கள்

கேள்வி: கால்நடை டெக்னீசியன் படிக்கிறேன். அடுத்த மாதம் பெங்களூரு ஹெப்பாள் பக்கம் நாய், பூனை கிளினிக்கில் பயிற்சி. ரேபிஸ் ஊசி முன்கூட்டியே போடணுமா? ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து) குழாயில் ரத்தம் அடிக்கடி உறைஞ்சிடுதே, ஏன்?

பதில் 1: ஊசி போடாம உள்ளே காலே வைக்காதீங்க தம்பி. 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ம் நாள். கணக்குப் பாருங்க, இந்த வாரமே ஆரம்பிச்சாதான் முடியும். போட்டிருந்தாலும், கடிபட்டா சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவணும். 0, 3-ம் நாள் பூஸ்டரும் உண்டு.

பதில் 2: உறையறதுக்குக் காரணம் ரெண்டு: ரத்த நாளத்தைத் தேடித் தேடி மெதுவா எடுப்பது, குழாயில் விட்டதும் கலக்காம வைப்பது. உடனே 8-10 தடவை மெதுவா கவிழ்த்து எடுங்க. குலுக்கினா செல் உடையும். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிட்டு, குழாயின் சுவரோரமா விடுங்க. கோடு வரை நிரப்பணும். குறைஞ்சா மருந்து அதிகமாகி சிவப்பணு சுருங்கும், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) குறைவாக் காட்டும். ஊதா மூடிக் குழாயிலிருந்து (அதுதான் ஈடிடிஏ) மருந்தில்லாத சிவப்பு மூடிக் குழாய்க்கு மாத்தி ஊத்தவே கூடாது, ஈடிடிஏவால ரிசல்ட்டில் பொட்டாசியம் ஏறி கால்சியம் விழும். பூனைன்னா பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) கொத்தாகும், எண்ணிக்கைக்கு மெஷினை நம்பாம ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தம்) மைக்ராஸ்கோப்பில் பாருங்க.

பதில் 3: லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேடு) அன்னன்னிக்கே கையெழுத்து வாங்கிடுங்க. மாசக் கடைசியில டாக்டர் கிடைக்க மாட்டார்.