சீனியர் சென்டரை மூடுறாங்களாமே

சித்தி: சீனியர் சென்டரை மூடுறாங்களாமே? லஞ்ச் டேபிள்ல எல்லாரும் இதே பேச்சு. வாசல்ல நோட்டீஸ் வேற ஒட்டியிருக்கு பப்ளிக் ஹியரிங்னு

பெரியம்மா: ஐயோ

திவ்யா: ஹியரிங்னா மூடறதுன்னு யாரும்மா சொன்னா

சித்தப்பா: மூடட்டும். உங்கம்மா வீட்ல சமைப்பா

சித்தி: அங்க ரெண்டாந்தடவ தட்டு தூக்கிட்டுப் போறது யாராம்

பெரியப்பா: யாரும் எதையும் மூடல. நோட்டீஸை முழுசா படிக்கணும். சென்டரைச் சரி பண்ண சிட்டி சிடிபிஜிக்கு அப்ளை பண்ணுது, அதாவது கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிரான்ட், 1974 சட்டம், வாஷிங்டன்ல ஹட்ங்கற வீட்டு வசதி டிபார்ட்மென்ட் குடுக்கற பணம். பொதுவா 50,000 பேருக்கு மேல இருக்கற சிட்டிக்கு நேரா வந்துடும், நம்மள மாதிரி சின்ன ஊரு ஸ்டேட் கிட்ட மத்த ஊரோட போட்டி போட்டு வாங்கணும், அதுக்கு ஜனங்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டே ஆகணும்ங்கறது ரூல், அதான் இந்த ஹியரிங். வியாழன் 6.30, கவுன்சில் ஹால்.

குமார் அண்ணா: அப்பா சுருக்கமா

பெரியப்பா: இதுவே சுருக்கம்தான்

சித்தி: அப்ப சனிக்கிழமையும் பஸ் விடச் சொல்லலாமா அத்தான்

பெரியப்பா: இந்த அப்ளிகேஷன் கட்டடத்துக்கு. ராம்ப் (வாசல் சரிவுப் பாதை), பாத்ரூம், கூரை. டிரைவர் சம்பளம்லாம் இதுல வராது

சித்தி: பஸ் இல்லாம கூரைய வச்சு என்ன பண்றது

திவ்யா: 👏👏

பெரியம்மா: கிரான்ட் ஏழைங்களுக்குன்னு சொன்னாங்களே. குமார் சம்பளத்தக் கேப்பாங்களோ

பெரியப்பா: கேக்க மாட்டாங்க. வயசானவங்களுக்குன்னே இருக்கற இடம்னா அங்க வர்றவங்க வருமானம் கம்மின்னு ஹட்டே எடுத்துக்கும், பே ஸ்டப், சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டாம்

சித்தப்பா: வயசானா வருமானம் இல்லன்னு கவர்மென்டுக்கே தெரியுது, பசங்களுக்குத் தெரியல

குமார் அண்ணா: சித்தப்பா 😂

சித்தி: எனக்கு இன்னும் 60 ஆகலயே, லஞ்ச்ல பேர் எடுத்துடுவாங்களான்னு பயமா இருக்கு

பெரியப்பா: அது வேற பணம்மா, 1965 ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட். அதுல புருஷனுக்கு 60 ஆயிட்டா கூட வர்ற பொண்டாட்டிக்கு வயசு பாக்க மாட்டாங்க. டப்பால போடற காசும் உன் இஷ்டம்தான், போட்டாத்தான் சாப்பாடுன்னு சொல்லக் கூடாது

சித்தப்பா: பாத்துக்கோ, என்னாலதான் உனக்கு சோறு

பெரியம்மா: அது இருக்கட்டும் என் பெரிய இட்லிப் பானை யார் வீட்ல இருக்கு? கொலுவுக்குக் குடுத்தது

திவ்யா: எங்க வீட்ல இல்ல பெரியம்மா

சித்தி: இருக்கு. மூடி மட்டும் காணோம் அக்கா

பெரியப்பா: விஷயத்துக்கு வாங்க. லேடீஸ் பாத்ரூம் கதவு தொறந்தா 28 இன்ச்தான் வழி. ஏடிஏ, அதாவது மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதுபடி 32 வேணும். வாக்கர் வச்சிருக்கறவங்க அதை மடக்கிக் கையில தூக்கிட்டு சுவத்தப் புடிச்சிட்டு உள்ள போறாங்க. ராம்ப் 1 அடி ஏற 12 அடி ஓடணும், இங்க 8 அடில ஏத்தி விட்டிருக்கான்

குமார் அண்ணா: லேடீஸ் பாத்ரூமை நீங்க எப்படிப்பா அளந்தீங்க

பெரியம்மா: என்னை வாசல்ல காவல் நிக்க வச்சுட்டு டேப்போட உள்ள போனார். மானம் போச்சு

திவ்யா: 🤣🤣🤣

சித்தப்பா: இங்க இவ்ளோ அளக்கறீங்களே அண்ணே. ஊர்ல அம்மா பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னப்போ பிடபிள்யூடி இன்ஜினியருக்கு நேரம் இல்ல

பெரியம்மா: ஆரம்பிச்சாச்சா

பெரியப்பா: பணம் அனுப்பறேன்னு சொன்னது யாரு?

சித்தப்பா: அனுப்பினேன். பாஸ்புக் இருக்கு

குமார் அண்ணா: ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கோங்க ப்ளீஸ். வியாழன் யார் போறது, அத மட்டும் சொல்லுங்க

பெரியம்மா: நமக்கு ஓட்டே கிடையாது, கிரீன் கார்டுதானே. பேச விடுவாங்களா

திவ்யா: விடுவாங்க. ஓட்டெல்லாம் வேண்டாம், இந்த ஊர்ல இருக்கீங்கல்ல. பேச பயம்னா எழுதிக் குடுக்கலாம், அதையும் ஃபைல்ல சேப்பாங்க. நோட்டீஸ்ல ஆளுக்கு 3 நிமிஷம்னு இருக்கு

சித்தப்பா: அண்ணன் பேசினா 3 நிமிஷத்துல 1974 தாண்டாது

சித்தி: அக்கா பேசட்டும். அந்த வாக்கர் விஷயத்த சொன்னா போதும்

பெரியம்மா: எனக்கு இங்கிலீஷ் வராதும்மா

சித்தி: திவ்யா பக்கத்துல நின்னு சொல்லுவா

திவ்யா: வியாழனா? எனக்கு டியூட்டி மாத்த முடியுமான்னு பாக்கறேன்

பெரியப்பா: பணம் கிடைச்சாலும் உடனே வேலை ஆரம்பிக்காது. முதல்ல என்விரான்மென்டல் ரிவ்யூ, அதாவது சுற்றுச்சூழல் ஆய்வு முடியணும், அதுக்கு முன்ன கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடக் கூடாது

சித்தப்பா: அதுக்குள்ள நாம இருப்போமா

பெரியம்மா: வாயக் கழுவுங்க தம்பி

குமார் அண்ணா: எனக்கு 6 மணி வரைக்கும் ஆபீஸ் போன் கால் இருக்கு. யாராச்சும் வண்டி எடுக்கணும்

சித்தப்பா: நான் எடுக்கறேன். அண்ணன் பின் சீட்டு

பெரியப்பா: எனக்கு முட்டி மடக்க முடியாது, முன் சீட்டுதான்

சித்தி: அப்ப நான் எங்க உக்கார்றது

திவ்யா: அம்மா நீ வர்றியா என்ன?

சித்தி: பஸ் பத்தி யார் கேக்கறதாம்

பெரியப்பா: அது இதுல வராதுன்னு சொன்னேன்ல. எழுத்துல 4 பக்கம் ரெடி பண்ணியிருக்கேன், பிடிஎஃப் போட்டிருக்கேன், எல்லாரும் படிச்சுட்டு திருத்தம் சொல்லவும்

சித்தி: எனக்கு ஓபன் ஆகல அத்தான்