ஸ்டியரிங்ல பிளே இருக்கு, ரேக்கையே மாத்தணுமா?

கேள்வி:
நண்பர்களே ஒரு உதவி. கார் எடுத்து 9 வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா நேர் ரோட்டுல ஸ்டியரிங்கை ரெண்டு விரல் அளவு ஆட்டினாலும் வண்டி அசையவே மாட்டேங்குது, அதுக்கப்புறம்தான் பிடிக்குது, இந்த வெத்து ஆட்டத்தைத்தான் பிளேங்கிறாங்க. பள்ளத்துல இறங்குனா முன்னாடி இடது பக்கம் டக் டக்னு சத்தம் வேற. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துட்டு ரேக் (ஸ்டியரிங் திருப்பறதை வீலுக்குக் கொண்டு போற பல் வெச்ச கம்பி) போச்சு, முழுசா மாத்தணும்ங்கிறார், வண்டியைத் தூக்கிக்கூட பாக்கல. குழந்தைங்க போற வண்டி, பயமா இருக்கு. நானே எதாவது செக் பண்ண முடியுமா?

பதில் 1:
ப்ரோ ரேக்ல இப்பவே கை வைக்காதீங்க. வண்டி தரையில நிக்கட்டும், எஞ்சின் ஆஃப், சாவியை மட்டும் திருப்பி ஸ்டியரிங் லாக்கை எடுத்துடுங்க. உள்ள ஒருத்தரை உக்கார வெச்சு அந்தப் பிளே இருக்கற அளவுக்கு மட்டும் இடது வலதுன்னு ஆட்டச் சொல்லிட்டு நீங்க ஒவ்வொரு ஜாயிண்ட்டா கை வெச்சுப் பாருங்க, ஸ்டியரிங் தண்டுக்குக் கீழ இருக்கற யுனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கித் திரும்பற இணைப்பு), அப்புறம் டை ராட் எண்ட் (ரேக்கையும் வீலையும் சேக்கற கம்பியோட வெளி முனை). ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கம் அசைஞ்சு அந்தப் பக்கம் சும்மா நின்னா தேஞ்சது அதுதான். நிறைய மேனுவல்ல 30 மில்லிமீட்டர் வரைக்கும் பிளே ஓகேன்னு போட்டிருக்கும், உங்களுது அதைத் தாண்டிருச்சு.

பதில் 2:
மேல சொன்னது சரி. அடுத்து ஜாக்கி போட்டு ஸ்டாண்டும் வைங்க, வெறும் ஜாக்கியை நம்பி கீழ போகவே கூடாது. வீலை மணி 9, 3 இருக்கற இடத்துல பிடிச்சு ஆட்டுங்க, ஆடுனா டை ராட் இல்லேன்னா ரேக் எண்ட் (அதே கம்பி ரேக்கோட சேர்ற உள் முனை). 12, 6ல ஆடுனா பால் ஜாயிண்ட் (வீலை சஸ்பென்ஷனோட சேக்கற உருண்டை இணைப்பு) இல்லேன்னா வீல் பேரிங், அப்போ பிரேக்கை மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னுச்சுன்னா பேரிங்தான். ரேக் எண்ட், பூட்னு சொல்ற ரப்பர் உறைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பூட்டை அமுக்கிப் பிடிச்சாத்தான் கையில தட்டும், நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

கேள்வி கேட்டவர்:
பார்த்துட்டேன் அண்ணா! 9, 3ல இடது வீல் நல்லா ஆடுது, வெளி டை ராட் டைட்டா இருக்கு, ஆனா பூட்டை அமுக்கினா உள்ள கடக்குனு தட்டுது. பூட்டும் கிழிஞ்சு தண்ணி போயிருக்கு. ரேக் எண்ட் மட்டும் போதும்ல?

பதில் 2:
போதும் தம்பி, ரேக் பல்லுல துருவோ ஆயில் கசிவோ இல்லேன்னா. புது பூட்டும் சேத்துப் போடுங்க. கழட்டறப்போ டை ராட் எண்ட் எத்தனை சுத்துல வருதுன்னு எண்ணி வெச்சு அதே சுத்துக்கு ஏத்துங்க, லாக் நட்டை மறக்காதீங்க. ஸ்ப்ளிட் பின் (நட்டு கழண்டு வராம ஓட்டைல சொருகற பின்) புதுசு போடணும், ஓட்டை நேரா வரலேன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, தளர்த்தவே கூடாது. முடிச்சதும் நேரா அலைன்மென்ட்டுக்கு போங்க, இல்லேன்னா டயர் ஒரு ஓரமா தேஞ்சிரும். யாராவது ரேக் அட்ஜஸ்டரை (ரேக்ல இருக்கற பிளேயைக் குறைக்கற திருகு) டைட் பண்ணா சரியாயிடும்னு சொன்னா விடாதீங்க, ஸ்டியரிங் இறுகி, திருப்புனா தானா நேருக்கு வராது.