2018: புதாற்றில் தண்ணீர் வந்த வருஷம், தோப்பு சாய்ந்த வருஷம்

சொந்தங்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று இருக்கும் எல்லோரும் ஊர் நிலவரத்தைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பதால் ஊர்ச் சங்கத்திலிருந்து ஒரே மடலாக எழுதுகிறோம். வருஷக் கணக்கு என்பதைவிட, இனி எதற்குப் பணம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுதான் இதில் முக்கியம்.

முதலில் நல்லது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததிலிருந்து காய்ந்து கிடந்த ஊருக்கு இந்த வருஷம் தண்ணீர் வந்தது. மேட்டூர் ஜூலை 19-ல் திறந்தது, 23-ல் 120 அடி நிரம்பியது, இடையில் 22-ல் கல்லணையும் திறந்தாயிற்று. குறுவைக்குக் காலம் கடந்துவிட்டது, சம்பாவுக்குச் சரி. ஆனால் கொள்ளிடத்தில் கரை புரண்டு கடலுக்குப் போன நாட்களிலும் கல்லணைக் கால்வாயான நம் புதாற்றின் கடைமடை ஏரிகள் பாதி காய்ந்துதான் இருந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் அணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் ஏரிக்குத் தண்ணீர் ஏறாததற்கு அதைக் காரணம் சொன்னால் தப்பு. வரத்து வாய்க்கால் அடைத்துக் கிடந்தது நம் குறை.

வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கை மேலே மேலே வெட்டியது வீண் செலவு. வெட்டிய தண்டை அங்கேயே விட்டால் ஒவ்வொரு துண்டும் ஈரத்தில் வேர் விட்டு முளைக்கிறது, மூன்று மாதத்தில் பழையபடி புதர். கோடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கி, கரைக்கு மேலே குவித்து, நன்றாகக் காயவிட்டுக் கொளுத்த வேண்டும். அடுத்த வேலை சித்திரையில். தண்ணீர் வந்தபிறகு கூலி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

இனி கஜா புயல். தீபாவளி முடிந்து பத்தாம் நாள், நவம்பர் 16 வெள்ளிக்கிழமை விடியுமுன். என்ன ஆனது என்று படம் படமாக உங்களுக்கு வந்திருக்கும், திரும்ப எழுதவில்லை. அதன்பிறகு செய்த வேலையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது மட்டும்.

கம்பங்கள் விழுந்து கரண்ட் இல்லாததால் முதல் தேவை குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டியின் 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாருக்கு வாடகை ஜெனரேட்டர் 15 கேவிஏ வேண்டும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு, சின்ன ஜெனரேட்டர் அந்த இடத்திலேயே படுத்துவிடும். மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, தண்ணீர் மட்டும் நூலாக வருகிறதென்றால் மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். மெக்கானிக்கைத் தேடிப் பட்டுக்கோட்டைக்கு ஓட வேண்டியதில்லை. இதைவிட முக்கியமானது, ஜெனரேட்டரை மாட்டுமுன் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டையை உருவிக் கையில் வைத்துக்கொள்வது. இல்லாவிட்டால் கரண்ட் பின்னால் கம்பிக்கு ஏறும், கம்பத்தில் இருக்கும் லைன்மேன் உயிர் போகும்.

தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

தார்ப்பாய் அனுப்பியவர்களுக்கு நன்றி. மெல்லிய நீலத் தார்ப்பாய் ஆணி அடித்த இடத்தில் கிழிந்து இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஓரத்தில் வளையம் வைத்த கனத்த பாய் பாதி எண்ணிக்கை வந்திருந்தாலும் மேல். பழைய துணி இனி வேண்டவே வேண்டாம், பள்ளிக்கூட வராந்தாவில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

இப்போது தென்னை. விழுந்தது விழுந்ததுதான். நிற்கும் மரத்தில் எது பிழைக்கும் என்பதில்தான் ஊரில் சண்டை. கொண்டை திருகி, மட்டைகள் ஒரே பக்கமாகத் தொங்கினாலும் நடுக்குருத்து பச்சையாக நிமிர்ந்து நின்றால் மரத்தை வெட்டாதீர்கள். குருத்தைப் பிடித்து இழுக்கும்போது கையோடு வந்து, அடி அழுகி நாறினால் குருத்தழுகல். ஆரம்பமென்றால் அழுகியதைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை என்னும் பூஞ்சண மருந்தைத் தடவலாம். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனி மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. கலந்ததும் பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே தடவினால் குருத்து கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

முறிந்த பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டுவது இப்போது தோப்புக்குத் தோப்பு நடக்கும் தவறு. அந்தப் பச்சைக் காய வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். நாலு அடி விட்டு வெட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

விழுந்த மரத்தை அகற்றுவதில் அவசரம் வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பதற்குக் காரணம் காண்டாமிருக வண்டு. மட்கும் தண்டும் எருக்குழியும்தான் அது முட்டையிடும் இடம். முட்டை வண்டாவதற்கு நாலு முதல் ஆறு மாதம். தை, மாசியில் தண்டு மட்க ஆரம்பித்தால் கோடை முடியுமுன் வண்டு கிளம்பி, தப்பிப் பிழைத்த மரத்தின் குருத்தையும் புதுக் கன்றையும் குடையும். விரிந்த மட்டை விசிறி வெட்டியதுபோல் இருந்தால் அதன் வேலைதான். செங்கல் சூளைக்காரர் எடுப்பார் என்று காத்திருந்து பயனில்லை, எல்லா ஊரிலும் மரம் கிடப்பதால் அவர் கேட்பதுதான் விலை. விலை போகாத தண்டைத் துண்டுபோட்டு, வேர் பெயர்ந்த பள்ளத்திலேயே ஆழமாகப் புதைத்து மண் மூடலாம். மேலே தெரியும்படி அரைகுறையாக மூடினால் வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. வெட்டுக்கூலிக்கு 500 காணாது என்பது வேறு கதை. நம் ஊரில் சிக்கல் பட்டாவில். தாத்தா பெயரிலேயே பட்டா கிடப்பவர்கள், கூட்டுப்பட்டாவில் ஒரு பங்காளி கோலாலம்பூரிலும் ஒருவர் தோஹாவிலும் இருப்பவர்கள் எல்லாம் வாரிசுச் சான்றும் மற்றவர் சம்மதமும் இல்லாமல் திண்டாடுகிறார்கள். பொங்கலுக்கு வரும்போது புதுச் சட்டையோடு இந்தக் காகிதங்களையும் கொண்டு வாருங்கள். தென்னைக் காப்பீட்டிலும் கோட்டை விட்டோம். 16 முதல் 60 வயது வரையான மரத்துக்கு 2018 கணக்கில் விவசாயி கட்ட வேண்டியது வருஷத்துக்கு மூன்றரை ரூபாய், கிடைப்பது 1,750. நம் ஊரில் அதை யாரும் சீந்தவில்லை.

புதுக் கன்று நடுவதற்கு மார்கழி, தை நல்ல பருவம், தவறினால் ஆனி, ஆடி. 9 முதல் 12 மாதக் கன்று, ஆறு இலை, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர். இலவசமாகக் கிடைக்கிறதென்று மெலிந்த கன்றை வாங்கி நட்டால் இழப்பு ஆறேழு வருஷம் கழித்துத்தான் தெரியும். குழி மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி. மட்கிய எரு, செம்மண், மணல் சமபங்கு கலந்து இரண்டடி நிரப்பி நட வேண்டும். இடைவெளி 25 அடி. பழைய தோப்பு 20 அடியில் நெருக்கி வைத்தது, அதே குழியில் வைக்கலாம் என்ற ஆசை வேண்டாம். நெட்டை ரகத் தென்னை காய்க்கும் வரை உளுந்து, கடலை, வாழை போடலாம்.

ஆகவே பணம். அரிசி, போர்வை வசூல் இத்துடன் நிறுத்தம். அடுத்த மூன்று கோடைக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர், டீசல், கூலி, இதுதான் செலவு. மொத்தமாக ஒரு தொகை வேண்டாம், மாதாமாதம் சிறு தொகை போதும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பலாம், பாஸ்போர்ட் நகலும் அனுப்புங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை எடுத்தவர்கள் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு சங்கத்திடம் இல்லை, வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். நீங்கள் உங்கள் வீட்டுத் தோப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி.

கணக்குப் புத்தகம் தை 2-ம் தேதி காலையில் கோயில் மண்டபத்தில் இருக்கும். வருபவர்கள் ரசீதோடு ஒத்துப் பார்க்கலாம். மரம் அறுக்கும் மெஷினை முறைவைத்துக் கொடுக்கும் பட்டியலும் அங்கேயே. தோப்பில் ஆள் இல்லாதவர்கள் யார் நின்று வேலை வாங்குவார் என்று அதற்குள் எழுதிவிடுங்கள்.