புதுப்பிப்பு: கனமழை வந்தால் வரும் படபடப்பு

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்ததிலிருந்து, கனமழை கொட்டினாலே நெஞ்சு படபடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐச் சொன்னீர்கள். அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், கட்டணம் இல்லை. அப்புறம் ஒரு மனநல ஆலோசகரிடமும் போய்வருகிறேன்.

படபடப்பு வந்தால் கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்றுதான் தோன்றியது. ஆனால் “ஸ்விட்ச் போர்டு, காலண்டர், அம்மாவின் மூக்குக்கண்ணாடி...” என்று சொல்லிக்கொண்டே போனால் மூச்சு சீராகிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதும் உதவுகிறது. டிவியில் பழைய வெள்ளக் காட்சிகள் வந்தால் மட்டும் சேனலை மாற்றிவிடுகிறேன்.

தண்ணீர் ஏறுகிறதா என்று வாசலை எட்டி எட்டிப் பார்ப்பதைக் குறைக்கத்தான் இப்போது பயிற்சி. ஐப்பசி மழையில் தெரிந்துவிடும்.