சிரெப்ரெனிட்சா: ஒரே ஆளின் எலும்பு மூன்று குழிகளில் கிடைப்பது எப்படி?

கேள்வி:
போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சா ஊரில் முஸ்லிம் ஆண்களைப் போஸ்னிய செர்பியப் படை கொன்று குவித்த படுகொலை நடந்தது 1995 ஜூலையில். ஆனால் இன்றும் ஜூலை 11 வந்தால் ஊரை ஒட்டிய பொட்டோச்சாரி மயானத்தில் புதிதாக அடக்கம் நடக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம்? ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று புதைகுழிகளில் கிடைக்கின்றன என்கிறார்களே, அது எப்படி? கொசோவோவிலும் இப்படித்தானா?

பதில் 1:
தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஜூலை 11-ல் ஊர் போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது. அடுத்த சில நாட்களில் கிராவிட்சா கிடங்கு, ஒராஹோவாட்ஸ், பெட்கோவ்ட்சி அணைக்கட்டு, கொஸ்லுக், பிரான்யேவோ பண்ணை ஆகிய இடங்களில் ஆண்களையும் சிறுவர்களையும் சுட்டுக் கொன்று, பக்கத்திலேயே புதைத்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட், மண் கிளறப்பட்டிருப்பதைக் காட்டும் வான்படங்களை ஐநா பாதுகாப்பு அவையில் வைத்தார். செப்டம்பர், அக்டோபரில் போஸ்னிய செர்பியப் படை அந்தக் குழிகளைத் தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி, சான்சாரி சாலை, ஹோஜிச்சி சாலை, லிப்ல்யே, செலேனி யாடார் என ஒதுக்குப்புறங்களில் பிரித்துப் புதைத்தது.

இரண்டு மூன்று மாதம் மண்ணில் கிடந்த உடல் பொக்லைன் வாளி பட்டால் முழுசாக வராது. ஒரு பகுதி இந்த லாரியில் போகும், இன்னொன்று அடுத்த லாரியில். கொஞ்சம் பழைய குழியிலேயே தங்கிவிடும்.

பதில் 2:
எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குப் போனது என்பதை மண்ணே சொன்னது. கொஸ்லுக்கில் கொன்ற இடம், பாட்டில் ஆலை ஒன்று உடைந்த பாட்டில்களைக் கொட்டிவந்த இடம். அந்தப் பச்சைக் கண்ணாடித் துண்டுகள் சான்சாரி சாலைக் குழியிலும் கிடந்தன. கிராவிட்சா கிடங்கின் கட்டட இடிபாடு முதலில் புதைத்த குளோகோவா குழிகளிலும், பின்பு செலேனி யாடாரிலும் அகப்பட்டது. ஒராஹோவாட்ஸில் கண்ணைக் கட்டிய துணிப்பட்டைகள் ஹோஜிச்சி சாலையில் வந்தன. தோட்டா உறைகளும் ஒத்துப்போயின. 2001-ல் ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் போஸ்னிய செர்பியப் படையின் ஜெனரல் கிர்ஸ்டிச்சுக்கு எதிராக இனப்படுகொலைத் தீர்ப்பு வழங்கிய வழக்கில் இந்தச் சான்றுகளும் இருந்தன.

பதில் 3:
அடையாளம் காண்பதில்தான் காலம் போகிறது. முற்றுகையிலிருந்த ஊரில் நிவாரணத் துணியை ஆள்மாற்றி உடுத்தியிருந்தார்கள், அதனால் சட்டையை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. 2001 நவம்பரில்தான் முதல் டிஎன்ஏ பொருத்தம் கிடைத்தது. தொடை எலும்பு அல்லது பல்லை எடுத்து, மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பொடியாக்கி, டிஎன்ஏ பிரித்து, உறவினர்களின் ரத்த மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். 99.95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், அண்ணன் தம்பி இருவரும் கொல்லப்பட்டிருந்தால், தாயின் ரத்தம் இது தன் பிள்ளை என்றுதான் சொல்லும், எந்தப் பிள்ளை என்று சொல்லாது. மனைவி, குழந்தையின் மாதிரியும் இருந்தால்தான் பிரிக்கலாம். திருமணமாகாத தம்பிகளாக இருந்தால் அந்த வழியும் இல்லை.

இதுவரை ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டார்கள், சுமார் 1,000 பேர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு தாடை எலும்பு மட்டும் என்றால், மீதியும் வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அடக்கம் செய்தபின் வேறு எலும்பு கிடைத்து, கல்லறையைத் திரும்பத் திறப்பதும் நடக்கிறது. அந்தத் தாய்மாருக்கு இது இரண்டாம் சாவு.

பதில் 4:
கொசோவோவில் முறை வேறு. போஸ்னியாவில் அதே வட்டாரத்துக்குள் சிதறடித்தார்கள். கொசோவோவில் 1999 போரில் கொல்லப்பட்ட அல்பேனியர்களின் உடல்களைச் செர்பியப் படைகள் செர்பியாவுக்கே கடத்தின. அந்த ஏப்ரலில் தேக்கியா அருகே டான்யூப் ஆற்றில் உடல்களோடு ஒரு குளிர்பதன லாரி மிதந்தது. செய்தி 2001-ல்தான் வெளிவந்தது. பெல்கிரேடை ஒட்டிய பதாய்னிட்சா போலீஸ் வளாகத்தில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. மறைத்ததில் பங்குவகித்த போலீஸ் அதிகாரி விளாஸ்திமிர் ஜோர்ஜெவிச்சுக்கு 2011-ல் 27 ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் 18.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொசோவோவில் இன்னும் காணாமல் இருக்கும் 1,500-க்கும் மேற்பட்டோரில் செர்பியர்களும் ரோமா என்ற சிறுபான்மை இன மக்களும் உண்டு. தலைநகர் பிரிஷ்டினாவின் பிணவறையில் ஏறத்தாழ 300 பேரின் எச்சங்கள் எந்த ரத்த மாதிரியோடும் பொருந்தாமல் கிடக்கின்றன. டிஎன்ஏ வருவதற்கு முன் உடையைப் பார்த்து ஆள்மாற்றிக் கொடுத்ததே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். ஏற்கெனவே அடக்கம் முடித்துவிட்ட குடும்பங்களும் ரத்தம் கொடுத்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.