மண்ணில் சாம்பல்சத்து ‘அதிகம்’, பயிரிலோ பற்றாக்குறை?

மன்னார்குடி அருகே களிமண் வயல், ஆற்றுப் பாசனம், சம்பாவில் சி.ஆர்.1009 நெல். மூன்று ஆண்டுகளாகத் தூர் கட்டும் பருவம் தாண்டியதும் அடி இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் காய்கின்றன. பழுப்புப் புள்ளி வேறு. கதிரில் பதர் அதிகம், பயிரும் சாய்கிறது. மண் பரிசோதனை அட்டையில் சாம்பல்சத்து ஏக்கருக்கு 130 கிலோ, ‘அதிகம்’ என்றே இருக்கிறது. அட்டையை நம்புவதா, இலையை நம்புவதா!

சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் உரத்தை ஏக்கருக்கு 33 கிலோ, நான்காகப் பிரித்து இட்டேன். துத்தநாக சல்பேட்டும் இட்டாயிற்று. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டும் பார்த்தேன். மாற்றமில்லை.

ஒன்று உறுத்துகிறது: பல ஆண்டுகளாக வைக்கோல் முழுவதையும் கட்டு கட்டி விற்றுவிடுகிறோம். பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தானே தங்குகிறது?

இதே களிமண்ணில் வைக்கோலை மடக்கி உழுதவர்கள் சொல்லுங்கள்: அதற்குப்பின் பொட்டாஷ் அளவைக் கூட்டாமலே இலை காய்வது நின்றதா?