பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைய கண்ணாடிப் பயிற்சி: வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர் மகள்:
அப்பாவுக்கு 63 வயது. நாலு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் பரவாயில்லை, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். கைதான் அப்படியே கிடக்கிறது. தோளைக் கொஞ்சம் தூக்குகிறார், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு அசைவும் இல்லை. வீட்டுக்கு வரும் பிசியோ போன வாரம் கண்ணாடி வைத்துத் தினமும் பயிற்சி செய்யச் சொல்லி, ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி ஆரம்பித்தோம், இரண்டே நிமிடத்தில் அப்பா, "இது என் இடது கைதானே, எதுக்கு என்னை ஏமாத்துறே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது உண்மையிலேயே பலன் தருமா? நாலு மாதம் ஆனபின் தொடங்குவது லேட்டா?

பிசியோ மதுரை:
லேட் இல்லைங்க. 1999-இல் பக்கவாதக்காரர்களுக்கு இதை முதன்முதலில் முயன்ற ஆய்வில் இருந்த ஒன்பது பேருமே ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்கள்தான். தினம் இரண்டு முறை, முறைக்கு 15 நிமிடம், வாரம் ஆறு நாள் செய்தார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் நம்ம ஊர் மூளை நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும், அதற்காக அவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டிதான் இதற்கு மூலம். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வழக்கமான சிகிச்சையோடு இதையும் செய்தால் கை அசைவும் அன்றாட வேலை செய்யும் திறனும் கூடுகிறது என்றது. "சேர்த்து" என்பதைக் கவனியுங்கள், பிசியோவை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யக் கூடாது.

உங்கள் அப்பா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி சின்னது, அதில் பாதிக் கைதான் தெரியும், பின்னால் இருக்கும் வலது கையும் எட்டிப் பார்க்கும், அப்புறம் கண்ணாடியில் அசைவது வலது கைதான் என்று மூளை எப்படி நம்பும்? முழங்கை வரை தெரிகிற கண்ணாடி வேண்டும். ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும். அப்பாவின் நெஞ்சுக்கு நேராக மேஜையில் நிறுத்தி, பளபளக்கும் பக்கம் இடது கையைப் பார்த்து இருக்கட்டும், வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடது கையில் வாட்ச், மோதிரம், கயிறு எது இருந்தாலும் கழற்றுங்கள். வாட்ச் தெரிந்தால் அது இடது கை என்று பட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம், சும்மா கண்ணாடியையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை மடக்கி விரிப்பது. ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கிற கையையும் அதே மாதிரி அசைக்க மனதால் முயல வேண்டும். டிவி ஓடக் கூடாது. தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பூக்காரம்மா மகன்:
அக்கா, என் அம்மாவுக்கும் இதே நிலைமைதான், வலது கை. அம்மா நாற்பது வருஷம் பூக் கட்டியவர். நாங்கள் அலமாரிக் கதவில் இருந்த கண்ணாடியைக் கழற்றிச் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை, விட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். அம்மா விடவில்லை. வெறுமனே விரலை மடக்குவது அலுத்துப்போய், இடது கையில் ஒரு மல்லி மொட்டை எடுத்து உருட்டத் தொடங்கினார், கண் கண்ணாடியை விட்டு அகலவே இல்லை. ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், வலது கட்டைவிரல் உள்பக்கமாக ஒரு நெல் அளவு நகர்ந்து நகர்ந்து நின்றது. இப்போது ஒரு வருஷம் ஆகிறது. பழையபடி பூக் கட்ட வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாரின் நுனியை வலது கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார், நான் கட்டுகிறேன். அப்பாவுக்குப் பழகின வேலை எதுவோ அதையே கண்ணாடி முன் கொடுத்துப் பாருங்கள்.

ஈரோடு செவிலி:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு தளர்ந்திருக்கும், விலகிவிடும். முழங்கையைத் தாங்கித் தூக்கி, கீழே தலையணை கொடுத்து வையுங்கள்.

தஞ்சாவூர் மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாட்சைக் கழற்றவே இல்லை நாங்கள், அது தோன்றவே இல்லை. கண்ணாடிக் கடையில் ஒன்றரை அடிக்கு இரண்டடி வெட்டச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குத் தருகிறார்கள். அப்பா தபால் ஆபீசில் இருந்தவர், முத்திரை குத்தியே பழகிய கை. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதை எடுத்து வைத்திருக்கிறேன்.